'கேஷ்' என்ற வினைச்சொல்லும் நம்ம காசும்



பி.காம். படிக்கிறவர்கள் மூன்று வருடத்தில் அதிகம் எழுதும் சொல் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: 'கேஷ்'. கேஷ் புக், கேஷ் அக்கவுண்ட், பெட்டி கேஷ், கேஷ் ஃப்ளோ என்று போய்க்கொண்டே இருக்கும். இவை எல்லாம் பெயர்ச்சொல். இதே சொல்லை ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவும் பயன்படுத்துவார்கள். காசோலையைக் கொடுத்துக் கையில் பணம் வாங்குவதற்குப் பெயர் 'டு கேஷ் எ செக்'.

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு செய்தி பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஆங்கிலேயர்களின் கேஷ் நம்முடைய காசுதான்! தமிழிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனார்கள்!" என்று கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு ஆகியவற்றோடு சேர்த்து ஒரு பட்டியல் வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு மூன்றும் தமிழிலிருந்து போனவைதான், சந்தேகமில்லை. ஆனால் காசு?

பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைக்குள் சீனா வரை போகும் ஒரு கதை இருக்கிறது. நம்ம கங்கைகொண்ட சோழபுரமும் அதில் வருகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒரு சொல் அல்ல, இரண்டு சொற்கள்

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று ஒரே மாதிரி எழுதப்படும், ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. நல்ல அகராதிகளில் 'கேஷ் 1', 'கேஷ் 2' என்று தனித்தனியாகவே போட்டிருப்பார்கள்.

முதல் கேஷ், ரொக்கப் பணம். இது லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் 'கப்ஸா' என்ற சொல்லிலிருந்து வந்தது. கப்ஸா இத்தாலியில் 'காஸா' ஆனது, பிரான்ஸில் 'கேஸ்' ஆனது, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டி என்றுதான் பொருள். பிறகு பெட்டியில் இருக்கும் பணத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

இது எப்படி நடக்கும் என்று யோசிக்க வேண்டாம், நம்ம கடைத்தெருவிலேயே நடந்திருக்கிறது. கல்லா என்றால் கடையில் பணம் போடும் பெட்டி. "இன்னிக்கு கல்லா எவ்ளோ?" என்று கேட்டால் யாரும் பெட்டியின் நீள அகலத்தைச் சொல்வதில்லை :-) "நல்லா கல்லா கட்டிட்டான்" என்றால் சம்பாதித்துவிட்டான் என்று அர்த்தம். பெட்டியின் பெயர் பணத்தின் பெயராக மாற ஒரு வியாபாரியும் கொஞ்ச காலமும் போதும்.

கணக்குப் பதிவியலின் தந்தை என்று முதல் வருடத்திலேயே படிக்கிறோமே லூக்கா பாசியோலி, அவர் 1494இல் வெளியிட்ட புத்தகத்தில் ரொக்கக் கணக்கின் பெயரே 'காஸா'தான். அதாவது பெட்டிக் கணக்கு. பெட்டியை ஓர் ஆளாக நினைத்து அதற்குப் பற்று, வரவு எழுதினார்கள். ஆக, கேஷ் புக் என்று நாம் எழுதுவதன் வேர் இத்தாலிய வணிகர்களின் பணப்பெட்டி. காசுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

இரண்டாவது கேஷ், கிழக்கு நாடுகளில் புழங்கிய சிறிய நாணயங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். குறிப்பாக, நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனச் செப்பு நாணயம். அதை இன்றும் ஆங்கிலத்தில் 'கேஷ் காயின்' என்றுதான் சொல்கிறார்கள். இந்தக் கேஷ்தான் நம்ம காசு! ரொக்கத்துக்கு அல்ல, சீனாக்காரர்களின் நாணயத்துக்குத்தான் நம் சொல் போயிருக்கிறது.

காசின் ஊர்க்கதை

தமிழில் காசு மிகப் பழைய சொல். சங்க இலக்கியத்தில் பொன்னால் ஆன மணியையும் காசையும் குறிக்கிறது. காசுமாலை இன்றும் கல்யாண வீடுகளில் பார்க்கிறோம். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு படித்தது ஞாபகம் இருக்கிறதா? யாப்புக்குள்ளேயே காசைக் கொண்டுபோய் வைத்தவர்கள் நாம். வடமொழியில் 'கர்ஷ' என்ற எடைப் பெயர் உண்டு, அதற்கும் காசுக்கும் உறவு உண்டா என்று அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது. ஐரோப்பியர் கேட்டதும் எடுத்ததும் தமிழக, மலபார்க் கரைகளில் புழங்கிய காசு என்ற வடிவத்தை என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

சோழர் கல்வெட்டுகளில் காசு எங்கும் கிடக்கிறது. ஈழக்காசு, பழங்காசு, அன்றாடு நற்காசு என்று பல வகை. முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்த விவரம் உள்ளது. ஒரு காசுக்கு வருடத்துக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, நம் கணக்கில் 12.5 சதவீதம். அந்தக் காலத்துக் காசு அரைக் கழஞ்சுப் பொன்னுக்குச் சமம். ஆகவே அது சில்லறை இல்லை, நல்ல மதிப்புள்ள பணம்.

பிறகு காசின் கதை இறங்குமுகம்தான். பொன் போய், வெள்ளி போய், செம்பு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னையில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு! தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களும் 'காஸ்' என்றே செப்பு நாணயம் அடித்தார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று 1949 வரை கணக்கு நடந்தது. ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 448 காசு.

கம்பெனி தன் காசை இங்கிலாந்திலேயே இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் கொண்டுவந்தது. பர்மிங்காம் பக்கத்தில் மாத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் அச்சான 20 காசு, 10 காசு நாணயங்களில் ரோமன் எண்ணும் 'கேஷ்' என்ற சொல்லும் இருக்கும். 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் டன் கணக்கில் இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிப்போனது. 1980களில் அதை எடுத்தார்கள். சென்னைச் சந்தைக்கு வர வேண்டிய காசு, இன்று உலகெங்கும் நாணயம் சேர்ப்பவர்களிடம் இருக்கிறது.

சொல்லின் மதிப்பு எவ்வளவு இறங்கியது என்பதற்கு நம்ம பேச்சே சாட்சி. "அஞ்சு காசு பெறாத விஷயம்", "கால் காசு உத்தியோகம்னாலும் கவர்மெண்ட் உத்தியோகம்". ராஜராஜன் காலத்து ஆள் யாராவது இதைக் கேட்டால் கால் காசு நல்ல சம்பளம்தானே என்று நினைத்திருப்பார்.

போர்ச்சுகீசியர் வாயில் விழுந்த காசு

1498இல் வாஸ்கோ டா காமா கோழிக்கோடு வந்தார். 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். நம் கரைகளில் சின்ன நாணயத்துக்குக் காசு என்று பெயர் என்பதை அவர்கள் காதில் வாங்கியிருந்தார்கள். அவர்கள் மொழியில் ஏற்கெனவே பெட்டி என்ற பொருளில் 'காய்ஷா' என்ற சொல் இருந்தது (அதுவும் கப்ஸாவின் பிள்ளைதான்). காசு என்று கேட்டது அவர்கள் வாயில் காய்ஷா என்றே ஆகிவிட்டது.

ஜாவாவுக்கும் மலாக்காவுக்கும் போனபோது அங்கே சந்தையில் ஓட்டை போட்ட சீன நாணயங்கள் புழங்குவதைப் பார்த்தார்கள். சின்ன நாணயம்தானே, அதையும் காய்ஷா என்றார்கள். 1512-15 காலத்தில் மலாக்காவில் இருந்து எழுதிய தோமே பிரெஸ் என்ற போர்ச்சுகீசிய மருந்து வணிகர் ஜாவாவின் நாணயத்தை இந்தப் பெயரில்தான் குறிக்கிறார். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது ஆங்கிலத்துக்குள் போய்க் 'கேஷ்' ஆனது. கிட்டத்தட்ட அதே பத்தாண்டுகளில்தான் பெட்டியிலிருந்து பிறந்த இன்னொரு கேஷும் ஆங்கிலத்தில் எழுத்தில் வரத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே வாசலில், ஒரே சட்டை போட்டுக்கொண்டு நுழைந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

1886இல் யூல், பர்னல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் என்ற அகராதியிலேயே நாணயக் கேஷுக்குத் தமிழ்க் காசைக் காட்டிவிட்டார்கள். 140 வருடமாக அச்சில் இருக்கும் விஷயம்தான் இது.

நம்ம ஊர்க்காரர்களுக்காக ஒரு பின்குறிப்பு. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் எங்கே பார்த்தாலும் முந்திரிக்காடு. முந்திரிக்கு ஆங்கிலத்தில் 'கேஷ்யூ'. விற்றால் கேஷ் வருவதால் கேஷ்யூ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள் :-) அது பிரேசில் பழங்குடியினரின் 'அகாஜு' என்ற சொல், போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. மரத்தை இங்கே கொண்டுவந்தவர்களும் அவர்களே. ஒலி ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவு ஆகிவிடாது என்பதற்கு நம் வீட்டுக் கொல்லையிலேயே சாட்சி நிற்கிறது.

சோழர் தூதும் சீனக் காசும்

போர்ச்சுகீசியர் வருவதற்கு ஐந்நூறு வருடத்துக்கு முன்பே நம் ஆட்கள் சீனக் காசைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் சுங் வம்ச வரலாற்றில் சோழ நாட்டுத் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் வந்ததாகப் பதிவு உள்ளது. முதல் தூதை அனுப்பியவன் ராஜராஜன். தூதர்கள் போய்ச் சேர 1,150 நாட்கள் ஆனதாம். இரண்டாவது தூது ராஜேந்திரனுடையது.

மூன்றாவது தூதில்தான் காசு வருகிறது. கொண்டுபோன பரிசுப் பொருட்களுக்கு ஈடாகச் சீன அரசு 81,800 சரம் செப்புக் காசு கொடுத்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஓட்டையில் கயிறு கோத்துச் சரமாகக் கட்டுவது அவர்கள் வழக்கம். ஒரு சரத்துக்குப் பெயரளவில் 1,000 காசு. பெருக்கிப் பாருங்கள், எட்டுக் கோடியே பதினெட்டு லட்சம் காசு! நடைமுறையில் அக்காலத்தில் 770 காசையே ஒரு சரமாகக் கணக்கிட்டார்கள். அப்படி வைத்தாலும் ஆறு கோடியைத் தாண்டும். அந்தத் தூதை அனுப்பிய மன்னனின் பெயர் சீன எழுத்தில் 'திஹுவாஜியாலுவோ' என்று இருக்கிறது. முதலாம் குலோத்துங்கன்தான் என்று நீலகண்ட சாஸ்திரி போன்றவர்கள் கொண்டார்கள். ஸ்ரீவிஜயத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. குலோத்துங்கன் என்றால், அவன் தலைநகரம் இங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம்.

மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமங்களில் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. நம்ம மாளிகைமேட்டு அகழாய்விலும் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனாவில் சிச்சுவான் பகுதியில் செம்புக்குப் பதில் இரும்புக் காசு புழங்கியது. சுமக்க முடியாத கனம். வணிகர்கள் காசை ஓரிடத்தில் ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சீட்டின் பெயர் ஜியாவ்சி. 1024இல் அரசாங்கமே அதை வெளியிடத் தொடங்கியது. உலகின் முதல் அரசு காகிதப் பணம் என்று இதைச் சொல்கிறார்கள். அப்போது இங்கே ராஜேந்திரன் ஆட்சி. அவன் படை கங்கை வரை போய்வந்ததும், 1025இல் கடாரம் போனதும் அதையொட்டிய வருடங்கள்தான். சீட்டைக் கொடுத்துக் காசு வாங்குவது, அதாவது 'டு கேஷ்' என்ற செயல், அந்த ஆங்கிலச் சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனாவில் தினசரி வேலை.

இனி வினைச்சொல்

ஆங்கிலத்தில் 'கேஷ்' பணம் மாற்றும் வினையாகப் புழக்கத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். காசோலையும் உண்டியலும் பெருகிய காலம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை அப்படியே தூக்கி வினையாக வைத்துவிடலாம். தமிழில் அது நடக்காது. காசு + ஆக்கு = காசாக்கு என்றோ, 'கேஷ் பண்ணு' என்றோ துணைக்கு ஒரு வினை வேண்டும்.

இந்த வினையில் ஒரு விசேஷம் உண்டு. வாடிக்கையாளர் காசோலையைக் 'கேஷ்' செய்யலாம், வங்கியும் அதே காசோலையைக் 'கேஷ்' செய்யலாம். வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் ஒரே வினை. தமிழில் "நான் மாற்றிக்கொண்டேன்", "வங்கியில் மாற்றிக்கொடுத்தார்கள்" என்று கொள், கொடு இரண்டும் ஆளைப் பிரித்துக் காட்டிவிடும். அந்த வசதி ஆங்கிலத்தில் இல்லை, வாக்கியத்தின் எழுவாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் தவறவிடும் இடங்கள் சில:

1. கணக்கில் போடுவது 'கேஷ்' ஆகாது. அது 'டெபாசிட்'. கோடிட்ட காசோலையைக் கவுண்டரில் கொடுத்து ரொக்கம் வாங்க முடியாது, கணக்கில்தான் போட வேண்டும். அதனால் "கிராஸ்டு செக்கைக் கவுண்டரில் கேஷ் பண்ணினேன்" என்று தேர்வில் எழுதினால் ஆங்கிலமும் தப்பு, பாங்கிங் தாளும் தப்பு.

2. 'என்கேஷ்' இந்திய அலுவலகங்களில் அதிகம் கேட்கும் வடிவம். லீவ் என்கேஷ்மெண்ட் தெரியாத அரசு ஊழியர் உண்டா? தப்பான ஆங்கிலம் இல்லை. ஆனால் அமெரிக்கரிடம் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார்.

3. 'கேஷ் இன் ஆன்' என்றால் ஒரு சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி லாபம் பார்ப்பது. பெரும்பாலும் குறை சொல்லும் தொனி இருக்கும். இதற்குத் தமிழில் அச்சாகப் பொருந்துவது 'காசு பார்ப்பது'. "வெள்ளத்துலயும் காசு பாக்குறான்" என்று சொல்கிறோமே, அதேதான்.

4. 'கேஷ் அப்' என்றால் கடை மூடும்போது கல்லாவை எண்ணிக் கணக்கு முடிப்பது. பிரிட்டனில் புழங்கும் வழக்கு.

5. 'கேஷியர்' பெயர்ச்சொல்லாக வந்தால் காசாளர். ஆங்கில நாவலில் ஒரு ராணுவ அதிகாரி 'கேஷியர்டு' என்று வந்தால் அவரைக் கவுண்டரில் உட்காரவைத்தார்கள் என்று அர்த்தமில்லை. அவமானப்படுத்தி வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று பொருள். அது டச்சு வழியாக வந்த மூன்றாவது சொல்.

சீன மாணவர்களுக்கு வேறு விதமான சிக்கல். அவர்கள் மொழியில் காசோலையைப் பணமாக்குவதற்கு 'துய்சியென்' என்று ஒரு வினை. அதே வினையை வாக்குறுதியை நிறைவேற்றுவதற்கும் சொல்வார்கள். சீட்டைக் காட்டினால் பணம் தர வேண்டும், வாக்குக் கொடுத்தால் செய்து காட்ட வேண்டும், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம். அழகான எண்ணம்தான். ஆனால் அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் வாக்குறுதியைக் 'கேஷ்' செய்தார் என்று எழுதினால் பொருந்தாது. அங்கே 'கீப்' அல்லது 'ஹானர்' வர வேண்டும். இதில் வேடிக்கை, ஆங்கில வங்கிச் சட்டமும் சீனர்களைப் போலவேதான் யோசித்திருக்கிறது. பணம் கொடுக்கப்பட்ட காசோலை 'ஹானர்' ஆனது, திரும்பிய காசோலை 'டிஸ்ஹானர்' ஆனது. நம்ம நாட்டில் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 138 பற்றி நாம் படிப்பது அந்த டிஸ்ஹானரைத்தான்.

சீன மாணவர் ஒருவர் 'கேஷ்' என்ற சொல்லைப் படிக்கும்போது, தன் தாத்தாக்களின் ஓட்டைக் காசுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் தமிழ்ப் பெயர் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? சீனர்கள் அதைக் 'கேஷ்' என்று சொன்னதே இல்லை, 'ச்சியென்' என்றுதான் சொன்னார்கள்.

இதெல்லாம் எதற்கு?

"ஆங்கிலக் கேஷ் தமிழ்தான்" என்று பகிர்வதில் என்ன நஷ்டம், பெருமைதானே என்று கேட்கலாம். இரண்டு நஷ்டம் இருக்கிறது.

ஒன்று, வெளியாள் ஒருவர் அகராதியைத் திறந்து கப்ஸாவைக் காட்டினால் நம் பட்டியல் மொத்தமும் பொய் என்று நினைத்துவிடுவார். கேஷுக்காகக் கட்டுமரத்தையும் சேர்த்து இழப்போம். கணக்கில் ஒரு பொய் வவுச்சர் இருந்தால் ஆடிட்டர் மற்ற வவுச்சர்களையும் சந்தேகப்படுவது மாதிரி.

இரண்டு, பொய்யை விட உண்மை பெரிதாக இருக்கிறது. ஒரு சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள் என்பது சின்னக் கதை. காசு என்ற சொல் போர்ச்சுகீசியர் கப்பலில் ஏறி, மலாக்கா, ஜாவா போய், சீனாவின் நாணயத்துக்கே பெயராகி, ஆங்கில அகராதியில் உட்கார்ந்தது என்பது எவ்வளவு பெரிய கதை! மேலோட்டமான பெருமைக்காக இதை விட்டுவிடுகிறோம்.

சொற்கள் நமக்கும் வந்திருக்கின்றன. துட்டு என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்ற செப்பு நாணயம். பைசா வடக்கிலிருந்து வந்தது. கல்லாவும் அப்படித்தான். வாங்கியதையும் கொடுத்ததையும் இரண்டு பக்கமும் எழுதினால்தான் பேரேடு சமமாகும்.

நம் பக்கத்தில் ஒரு சொல் மட்டும் யாருக்கும் கடன்படாமல் உருவாகியிருக்கிறது. காசோலை. காசு + ஓலை. பழைய சொல் இரண்டைச் சேர்த்துப் புதிய பொருளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2011 ஜூன் 30ஓடு 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் செல்லாமல் போய்விட்டன, பத்துக் காசு இருபது காசு எல்லாம் பேச்சில் மட்டும்தான் மிச்சம். இப்போது பெட்டிக்கடையில்கூட "கேஷா, ஜிபேயா?" என்கிறார்கள். நாளைக்குக் காசோலையும் போய்விடலாம். ஆனாலும் "காசு இருக்கா?" என்றுதான் கேட்போம் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை அந்தப் பட்டியல் உங்களுக்கு வந்தால் கேஷை அடித்துவிட்டு, பக்கத்தில் 'சீனக் காசு' என்று திருத்தி அனுப்புங்கள்.